லாகர் குடிப்பவர் முதலில் எந்த பீர் காய்ச்சலாம்?

லாகர் மட்டுமே குடித்துப் பழகியவர் வீட்டில் பீர் செய்யலாம் என்று கிளம்பினால், முதல் முயற்சியும் லாகராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொன்னிறம், லேசான கசப்பு, நுரை, அவ்வளவுதானே? அந்த எளிமையை நம்பி இறங்கினேன். கிடைத்தது பச்சை ஆப்பிளும் வெண்ணெயும் கலந்த மாதிரி மணக்கும் இருபது லிட்டர் திரவம்.

(‘காய்ச்சுவது’ என்றதும் சாராயம் நினைவுக்கு வந்தால், அது வேறு, இது வேறு. இங்கே எதையும் வடித்தெடுப்பதில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட் ஊறிய இனிப்பு நீரை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிடுகிறோம். அந்த இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். வீட்டில் பீர் செய்ய நீங்கள் இருக்கும் இடத்தில் அனுமதி உண்டா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஏன் கெட்டது என்று பார்த்தால், லாகர் ஈஸ்டுக்கு 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை குளிர் வேண்டும். பீரின் இன்னொரு பெரிய வகையான ஏலுக்குரிய ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் சுகமாக வேலை செய்யும். லாகருக்கு ஈஸ்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு போட வேண்டும். முடியும் தறுவாயில் இரண்டு மூன்று நாள் 16 டிகிரி வாக்கில் வைத்தால்தான், வெண்ணெய் வாசனை தரும் டையசெட்டிலை ஈஸ்டே தின்று தீர்க்கும். அப்புறம் உறைநிலைக்குச் சற்று மேலே பல வாரம் கிடக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் ‘லாகர்ன்’ என்றாலே சேமித்து வைப்பது என்றுதான் பொருள். நான் சேமிக்கவில்லை, அவசரப்பட்டேன். இன்னொன்று, வெளிர் நிற லாகரில் தவறை மறைக்க எதுவுமே கிடையாது. வறுத்த மால்ட் இல்லை, வாரி இறைத்த ஹாப்ஸ் இல்லை. ஒரு சின்னக் குறை இருந்தாலும் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும்.

ஆக, நாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பீர் வேறு, கைக்குப் பக்கத்தில் இருக்கும் பீர் வேறு. இரண்டுக்கும் நடுவே வருபவற்றில்தான் போட்டி.

நாக்குக்கு மிக அருகில் இருப்பவை கிரீம் ஏலும் கோல்ஷும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கிரீம் ஏலில் கிரீமும் இல்லை, பாலும் இல்லை. லாகரோடு போட்டி போட அமெரிக்காவில் உருவான பீர் அது. பார்லி மால்டோடு கொஞ்சம் மக்காச்சோளம் சேர்ப்பதால் பீர் வாயில் லேசாகிறது. ஐபியு என்ற கசப்பு அளவில் 8 முதல் 20 வரை, ஆல்கஹால் 5 சதவீதம் வாக்கில். சுத்தமாக வேலை செய்யும் சாதாரண ஏல் ஈஸ்டை 17 டிகிரியில் விட்டு, பிறகு ஒரு வாரம் குளிரில் வைத்தால் போதும். கண்ணைக் கட்டிக் கொடுத்தால் பலருக்கு லாகரிலிருந்து பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: அவல் போலத் தட்டிய மக்காச்சோளத்தை வெறுமனே வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்துதான் இறங்கும், பீர் கலங்கிப்போகும். பார்லி மால்டோடு சேர்த்து 65 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் ஊறினால்தான் அது சர்க்கரையாக மாறும். வோர்ட்டைச் சுண்டவைத்து விற்கும் மால்ட் எக்ஸ்ட்ராக்டில் செய்பவர்கள் சோளத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம்.

கோல்ஷ், ஜெர்மனியின் கொலோன் நகரத்துச் சொத்து. யார் அந்தப் பெயரைப் போட்டு விற்கலாம் என்று 1986-ல் அங்குள்ள பீர் ஆலைகள் ஒப்பந்தமே போட்டுக்கொண்டன. 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான நேர்க் குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அதுவும் ஏல் ஈஸ்ட்தான், ஆனால் 15 டிகிரியை ஒட்டிப் புளித்து, பிறகு லாகர் போலவே குளிரில் கிடக்கும். நுனியில் பேரிக்காய் மாதிரி ஒரு மெல்லிய வாசனை, வறண்ட முடிவு. ருசியில் கிரீம் ஏலைவிட ஒரு படி மேல் என்றுதான் சொல்வேன். ஆனால் கோல்ஷ் ஈஸ்ட் அவ்வளவு சுலபத்தில் அடியில் படியாது. தெளிய வாரக்கணக்கில் குளிர் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இடம் கேட்டுச் சண்டை போட வேண்டும் என்றால், முதல் தடவைக்கு கிரீம் ஏல், இரண்டாம் மூன்றாம் தடவைக்கு கோல்ஷ்.

‘இல்லை, எனக்கு லாகர் ஈஸ்ட்தான் வேண்டும்’ என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி உண்டு. கலிபோர்னியாவின் ஸ்டீம் பீர் என்ற வகை, லாகர் ஈஸ்டை 15 முதல் 18 டிகிரி வெதுவெதுப்பில் வேலை வாங்குகிறது. ஆனால் அது தாமிர நிறமும் நார்தர்ன் புரூவர் ஹாப்ஸின் மரவாசனையும் கொண்டது, வெளிர் நிற லாகரான பில்ஸ்னர் அல்ல. பில்ஸ்னரே வேண்டும் என்றால் ஜெர்மனியின் வைஹென்ஸ்டெஃபனிலிருந்து வந்த 34/70 என்ற லாகர் ஈஸ்டை எடுங்கள். 18 டிகிரி வரை கூட அது பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. முதல் தோல்விக்குப் பிறகு நான் மறுபடி லாகர் பக்கம் போனது அதை நம்பித்தான்.

ஜெர்மன் பாணிக் கோதுமை பீர் செய்யச் சுலபம், கலங்கலாக இருப்பதுதான் அதன் இயல்பு. கசப்பு மிகக் குறைவு. ஆனால் ஈஸ்ட் தரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் லாகர் நாக்குக்கு முதலில் திகைப்பாக இருக்கும். பொதுவாகச் சூடு கூடினால் வாழைப்பழம் ஏறும், குறைந்தால் கிராம்பு முன்னால் வரும்.

அடுத்த போட்டி பேல் ஏலுக்கும் டிரை ஸ்டவுட்டுக்கும். இங்கேதான் எல்லோரும் சொல்வதிலிருந்து விலகுகிறேன். வெளிர் நிறத்தைப் பார்த்துப் பேல் ஏல்தான் அடுத்த படி என்பார்கள். அமெரிக்க பேல் ஏலின் கசப்பு 30 முதல் 50 வரை போகும். 1972-ல் வெளியான கேஸ்கேட் ஹாப்ஸின் கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் மாதிரி ஒரு பழம்), ஆரஞ்சுத் தோல் மணம் அதன் அடையாளம். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் காற்று புகுந்தாலும் அந்த மணம் முதலில் செத்துவிடும், புதியவர் கையில் காற்று புகாமல் இருக்காது. ஸ்டவுட் கருப்பாக இருப்பதால் கனமாக இருக்கும் என்று பயப்படுகிறார்கள். டிரை ஸ்டவுட்டில் ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம்தான், பல லாகர்களைவிடக் குறைவு. அயர்லாந்தின் பிரபல ஸ்டவுட்டான கின்னஸ் வாயில் பட்டுப்போல இருப்பது நைட்ரஜன் வாயுவால். வறுத்த பார்லி பத்தில் ஒரு பங்கு சேர்த்தாலே காபி மணம் வந்துவிடும், சின்னச் சின்னப் பிழைகளையும் அது மூடிவிடும். வறண்டு முடியும் பழக்கம் லாகர் குடிப்பவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. நிறத்தை மறந்தால் அவருக்கு ஸ்டவுட்தான் நெருக்கம்.

அறையைக் குளிர வைக்கவே வழியில்லாதவர்களுக்கு நார்வேயின் பண்ணை ஈஸ்ட் க்வைக் இருக்கிறது. 30 டிகிரிக்கு மேலும் கெடாது, நான்கைந்து நாளில் வேலையை முடித்துவிடும். சில வகைகளில் ஆரஞ்சு வாசனை தூக்கலாக வரும், அதனால் மணம் குறைந்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எதைச் செய்தாலும், புளிப்பு முடிந்ததா என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவைக் காட்டிய பிறகே பாட்டிலில் அடையுங்கள், நுரைக்காகச் சேர்ப்பது லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சர்க்கரைக்கு மேல் வேண்டாம். மீறினால் பாட்டில் வெடிக்கக்கூடும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும், பழுப்பு நிறப் பாட்டில்தான் நல்லது.

புத்தகத்தைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரே வோர்ட்டை இரண்டாகப் பிரித்ததுதான். பத்து லிட்டரில் ஏல் ஈஸ்ட், மற்ற பத்தில் 34/70. மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் எல்லாம் ஒன்று. மூன்றாவது வாரம் திறந்தபோது ஏல் பக்கம்தான் குடிக்க நன்றாக இருந்தது. லாகர் பக்கத்தில் தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு கந்தக வாடை. கொட்டிவிடலாமா என்று யோசித்து, சோம்பலில் அப்படியே குளிரில் விட்டுவிட்டேன். பத்தாவது வாரம் ஏல் பாட்டில்களில் மணம் மங்கத் தொடங்கியிருந்தது. லாகரில் கந்தகம் போய், ரொட்டி வாசனை வந்திருந்தது. அப்போது அதில் மிச்சம் இருந்தது ஆறு பாட்டில்.