சத்தம் போச்சுன்னு சந்தோஷப்பட்டேன்: பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஜிப்ஸியோ ஜீப்போ வைத்துக்கொண்டு மலையில் ஓட்டுகிறவர்கள், அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது மட்டுமல்ல, ஏமாற்றியவருக்கு நன்றி சொல்லி, வேலை செய்த பையன் கையில் இருநூறு ரூபாயும் கொடுத்துவிட்டு வந்தேன். பணம் போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வண்டி 1998 மாடல் ஜிப்ஸி. 1298 சிசி, கார்புரேட்டர் இன்ஜின், ஐந்து கியர். கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்குப் பசுந்தேயிலை மூட்டை ஏற்றிப் போகத்தான் முக்கால்வாசி ஓட்டம். ஒரு வருஷமாகவே மூன்றாவது கியரில் ஒரு ஊளை. நான்காவது போட்டால் அடங்கிவிடும், மேட்டில் திரும்ப மூன்றுக்கு வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். உள்ளே பேரிங் போகிறது என்று எனக்கே தெரியும். கியர் பாக்ஸை இறக்கினால் ஒரு வாரம் வண்டி நிற்கும், தழை பறிக்கிற சீசனில் அது முடியாது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். ஓட்டிப் பார்த்தவர் சொன்னார்: "இறக்கவே வேண்டாமுங்க. இத்தனை நாளா தப்பான ஆயில் ஊத்தியிருக்காங்க. நல்ல சிந்தெட்டிக் ஜிஎல்-4 மாத்துனா சரியாயிடும்." ஜிஎல் என்பது கியர் ஆயிலின் வகையைச் சொல்லும் குறி. நாலு பெட்டிக்கும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார். ஜிப்ஸியில் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாகத் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். அதனால் கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர், முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவே சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டிகள்) என்று நாலும் தனித்தனி ஆயில். ட்ரான்ஸ்ஃபரை நிறைய பேர் மறந்தே போவார்கள். இவர் மறக்காமல் சொன்னதும், ஆள் விஷயம் தெரிந்தவர்தான் என்று நம்பிவிட்டேன். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வேலை முடிந்திருந்தது.

பில்: சிந்தெட்டிக் ஜிஎல்-4, 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டியைச் சொல்லும் நம்பர்), ஆறு லிட்டர், லிட்டர் 900 வீதம் 5,400 ரூபாய். கூலி தனி.

வண்டியை எடுத்தேன். ஊளை இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்வரை காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன், சுத்தமாக இல்லை. வீட்டுக்கு வந்து போன் போட்டு நன்றி சொன்னேன்.

மார்கழியில் தெரிந்தது. காலை ஆறரைக்கு வண்டியைக் கிளப்பி ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினால் கல் மாதிரி நிற்கிறது. அழுத்தினால் கறகறவென்று கடிக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஓடி, பெட்டி சூடானபிறகுதான் கொஞ்சம் இளகும். போன் செய்தால், "புது ஆயிலுங்க, செட் ஆகும்" என்றார். செட் ஆகட்டும் என்று தை, மாசி, பங்குனி ஓட்டினேன். பங்குனியில் சூடானபிறகும் இரண்டாவது கடிக்க ஆரம்பித்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டுமானால் பழைய லாரிக்காரர் மாதிரி டபுள் கிளட்ச்தான், அதாவது நடுவில் நியூட்ரலுக்கு வந்து கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு பாய் இருக்கிறார், எஸ்டேட் ஜீப்புகளில் வேலை செய்தே வயசானவர். டிரெயின் நட்டைக் கழற்றவிட்டு, விழுந்ததைப் பார்த்தார். ஒழுகவில்லை, பாகு மாதிரி இறங்கியது. விரலில் தொட்டு என் மூக்கருகே நீட்டினார். அழுகின முட்டை வாடை. வெயிலில் விரலைத் திருப்பினார், தங்கப்பொடி தூவின மாதிரி மினுங்கியது.

"தம்பி, இது பேரல்ல வர்ற 140 நம்பர் ஆயில். கிரவுனுக்கு ஊத்தற ஜிஎல்-5. மினுங்குது பாரு, அது உன் சிங்க்ரோ ரிங்கு."

அன்று முழுக்க அவர் பட்டறையில் உட்கார்ந்து கேட்டதையும், பிறகு நானே படித்துச் சரிபார்த்ததையும் சொல்கிறேன். கிரவுனும், அதைச் சுழற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் கடிக்கும் இடத்தில் பல் பல்மேல் உருளுவதோடு, பலத்த அழுத்தத்தில் வழுக்கியும் போகும். சாதாரண ஆயில் அங்கே பிதுங்கி வெளியே போய்விடும். அதற்காகத்தான் ஜிஎல்-5இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை ஜிஎல்-4இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்க்கிறார்கள். அந்த வாடை இதனால்தான். கியர் பாக்ஸில் கதையே வேறு. அங்கே பித்தளை சிங்க்ரோ ரிங், சுழலுகிற கியரின் கோன்மேல் உரசிப் பிடித்து இரண்டின் வேகத்தையும் சமமாக்கினால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். உரச வேண்டிய இடத்தில் வழுக்கினால் ரிங் பிடிக்காது, பல் கடிக்கும். போதாததற்கு, அந்தக் கந்தகம் சூட்டில் செம்பு, பித்தளை மாதிரி உலோகத்தை அரிக்கவும் செய்யும். ஆயில் கம்பெனிகளே பளபளப்பான செம்புத் தகட்டைச் சூடான ஆயிலில் மூழ்கவைத்து, எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்துத்தான் தரம் சொல்கின்றன. இப்போது வரும் நல்ல ஜிஎல்-5 எல்லாம் முன்போல அரிப்பதில்லை என்கிறார்கள். பேரல் ஆயிலுக்கு அந்த உத்தரவாதத்தை யார் தருவது?

அப்புறம் 140. கியர் ஆயிலில் 90 என்பது நூறு டிகிரி சூட்டில் ஏறக்குறைய 40, 50 நம்பர் இன்ஜின் ஆயிலின் கனம்தான். இரண்டுக்கும் அளவுகோல் வேறு, நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம். 140 அதைவிட ரொம்பக் கெட்டி. தேய்ந்த பேரிங்கின் சந்தில் போய்த் திண்டு மாதிரி உட்கார்ந்துகொள்ளும், சத்தம் அமுங்கிவிடும். பேரிங் அப்படியேதான் இருக்கிறது. பழைய வண்டியை விற்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலையாம் இது. நான் விற்கப் போகாத வண்டியிலேயே அதைச் செய்துவிட்டார்கள்.

வெட்கமான விஷயம், பில் கையிலேயே இருந்தது, நான் கணக்குப் போடவில்லை. இந்த வண்டிக்குக் கியர் பாக்ஸ் 1.3 லிட்டர், ட்ரான்ஸ்ஃபர் 0.8, முன் கிரவுன் 2, பின் கிரவுன் 1.5. ஜிஎல்-4 தேவைப்படுவது முதல் இரண்டுக்கு மட்டும், 2.1 லிட்டர். கிரவுன் இரண்டுக்கும் ஜிஎல்-5தான் வேண்டும். ஆறு லிட்டர் ஜிஎல்-4 என்று எழுதினால், ஒன்று கிரவுனைக் கெடுத்திருக்க வேண்டும், இல்லை பில் பொய்யாக இருக்க வேண்டும். பாய் கிரவுனையும் திறந்து பார்த்தார். அங்கேயும் அதே 140. ஒரே பேரல், நாலு பெட்டி.

கியர் பாக்ஸ் இறங்கியது. பேரிங் செட், ரிங்குகள், ஆயில் சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து பதினாறாயிரத்துச் சொச்சம். நியாயமாகச் சொல்ல வேண்டும், ரிங் முன்பே பாதி தேய்ந்துதான் இருந்திருக்கும் என்றார் பாய். மீதியை அந்த ஆயிலும், குளிரில் நான் அடித்து அடித்துப் போட்ட கியரும் சேர்ந்து முடித்துவிட்டன. பேரிங்கை அன்றைக்கே மாற்றியிருந்தால் ரிங் இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்கும்.

கடையில் கேட்டால் "5 இருக்கும்போது எதுக்குங்க 4? அதைவிட இது மேல்" என்பார்கள். மேல் கீழ் இல்லை, வேலை வேறு. ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டிருந்தால் அதை ஜிஎல்-5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த புத்தகம் இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும், மெக்கானிக்கின் ஞாபகத்தை அல்ல. எல்டி77 கியர் பாக்ஸ் உள்ள பழைய லேண்ட்ரோவருக்கு ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றுகிற தண்ணி மாதிரி ஏடிஎஃப்தான் போக வேண்டும், அதன் பின்னாலேயே இருக்கிற ட்ரான்ஸ்ஃபருக்கு 90. ஜீப்புக்கு ஊற்றுகிறதுதானே என்று அதிலும் கெட்டி ஆயிலை ஊற்றினால் குளிரில் என் கதைதான். சீல் உடைக்காத டப்பாவை நீங்களே வாங்கிப் போங்கள், ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். டிரெயின் நட்டைத் தொடுவதற்கு முன் மேலே ஆயில் ஊற்றுகிற லெவல் நட் கழலுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது துருப்பிடித்து வரவில்லையென்றால், காலிப் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

வடித்த ஆயிலில் கால் லிட்டரைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது நாங்க ஊத்தினது இல்லீங்க. பில்லை எடுத்துப் பாருங்க, ஜிஎல்-4ன்னு போட்டிருக்கு" என்றார். எழுதின பொய்யையே சாட்சிக்குக் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். பாட்டில் இன்னும் பின் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் வெயில் ஏறினால் அந்த முட்டை வாடை வருகிறது.