சின்னம்மைக்கு 'செட்' மாத்திரை விற்கிறார்கள், உஷார்!

என் தம்பிக்குப் போன மாதம் சின்னம்மை போட்டது. முதுகில் நாலைந்து கொப்புளம் கிளம்பின அன்றே பேருந்து நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறான். "அம்மையா? அதுக்குத் தனி செட்டே இருக்கு" என்று காகித உறையில் மாத்திரைகளைப் போட்டு, குட்டி டியூப் ஒன்றும் சேர்த்து, 640 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பில் கேட்டால், "கம்ப்யூட்டர் ரிப்பேர்."

அப்புறம்தான் வினை. காய்ச்சல் ஏறியது, வாய்க்குள்ளும் கொப்புளம், கூடவே இருமல். அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா அந்த உறையை மேஜையில் கொட்டினார். எல்லாம் மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கின துண்டுகள். பெயர் இருக்கும் இடத்தையே காணோம். ஒன்றின் ஓரத்தில் மட்டும் 'சோலோன்' என்று கடைசி எழுத்துகள் தப்பியிருந்தன. பிரட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு! எதிர்ப்புச் சக்தியை அடக்கி, அம்மை நுரையீரல்வரை போக வழிவிடக்கூடிய மருந்து. சீட்டில்லாமல் விற்கவே கூடாது.

மற்றதில் ஒன்று ஆன்டிபயாட்டிக்காக இருக்கும் என்றார். அம்மை வைரஸை அது ஒன்றும் செய்யாது, புண்ணில் சீழ் பிடித்தால்தான் அதற்கு வேலை. இன்னொன்று ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை போலிருக்கிறதாம். அம்மை நேரத்தில் தோல் தொற்றை மோசமாக்கலாம் என்று தவிர்க்கச் சொல்கிறார்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதுமாம். (குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள், மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து உண்டு.)

அந்த டியூப் அசைக்ளோவிர் களிம்பு. உதட்டுக் கொப்புளத்துக்குத் தடவுவது. அம்மைக்கு வேண்டியது அதே மருந்தின் மாத்திரை: பெரியவர்களுக்குப் பொதுவாக 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஒரு வாரம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதனால் டாக்டர்தான் எழுத வேண்டும். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த நேரத்தைத்தான் இந்த 'செட்' தின்றுவிட்டது. அம்மா வாசலில் செருகின வேப்பிலையாவது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

நல்லவேளை, எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒன்றும் இல்லை. சரியான மாத்திரையை அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள்.

கடையில் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இதான் தர்றோம், உங்க தம்பி உடம்புக்கு ஒத்துக்கல" என்றார் கடைக்காரர், முகத்தைக்கூடப் பார்க்காமல். சரி என்று வந்து, உறையையும் துண்டுகளையும் படம் எடுத்து மருந்து ஆய்வாளருக்குப் புகார் அனுப்பிவிட்டேன். பில் இல்லாவிட்டால் என்ன, தம்பி போனில் பணம் அனுப்பிய ரசீது இருக்கிறது.