மூன்று கட்டை லைட்டும் ஒற்றைக் கட்டை லைட்டும்

எங்கள் மோட்டார் கொட்டகையில் இரண்டு பேட்டரி லைட் இருக்கின்றன. ஒன்று அப்பா வைத்திருந்த எவரெடி. பித்தளை உடம்பு, மூன்று கட்டை போடுவது. மேல்பூச்செல்லாம் கை பட்டே போய்விட்டது. இன்னொன்று 2019-இல் திருச்சியில் நான் வாங்கிய எல்இடி. ஒரு சாண் நீளம்கூட வராது, உள்ளே ஒரே ஒரு லித்தியம் செல். பேட்டரி செல்லுக்கு எங்கள் பக்கம் கட்டை என்றுதான் பேர். டார்ச் என்றால் கடைக்காரருக்குப் புரியும், ஆனால் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

துறையூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனம். சின்ன வெங்காயம், கடலை, கொஞ்சம் பருத்தி. த்ரீ பேஸ் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். அதனால் வருஷத்தில் நூறு ராத்திரியாவது லைட்டும் மண்வெட்டியுமாக வரப்பில் நடக்கிறேன். இரண்டு லைட்டையும் அந்த நடையில்தான் பழகினேன்.

வெளிச்சத்தில் போட்டியே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா லைட்டின் குண்டு பல்பு 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர். பெருக்கினால் ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேல். அதிலும் பெரும்பகுதி சூடாகப் போய்விடும், கண்ணுக்கு வருவது பத்துப் பதினைந்து லூமென் (லூமென்தான் வெளிச்சத்தின் அளவு). இன்றைய எல்இடி ஒரு வாட்டுக்கே நூறு லூமென் தருகிறது. நடு அளவில் வைத்தாலே கொட்டகையிலிருந்து கடைசிப் பாத்தி வரை வாய்க்கால் உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அப்பா அதற்கு வரப்போடு நடந்து போவார். கனமும் அப்படித்தான்: பழைய கட்டை ஒன்று நூறு கிராமை ஒட்டி வரும். மூன்று போட்டால், பித்தளையும் சேர்ந்து, அரைக் கிலோவைத் தொடும். அக்குளில் இடுக்கிக்கொண்டு மடை மாற்றிய அப்பாவுக்கு வலது தோள் எப்போதும் வலிக்கும். அந்தக் கனம்தான் நாயை விரட்டவும் உதவியது என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் டோனி மாக்லிகா 1979-இல் கொண்டுவந்த மேக்லைட் என்ற பேட்டரி லைட்டைப் போலீஸ்காரர்கள் லைட்டாகவும் தடியாகவும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் தடிக்கு மண்வெட்டிக் காம்பு இருக்கிறது.

சரி, அப்படியானால் பழையது எதற்கு?

நாலு வருஷம் முன்பு ஒரு மார்கழி ராத்திரி. மணி இரண்டு இருக்கும். வெங்காயத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாத்தி நிறைந்து அடுத்ததுக்கு மடையைத் திருப்பக் குனிந்தேன். எல்இடி லைட் இரண்டு தரம் சிமிட்டியது, அவ்வளவுதான், அணைந்துவிட்டது. பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை. அந்த நொடி வரை முழு வெளிச்சம். அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சட்டென்று கையில் இருக்கும் மண்வெட்டிகூடத் தெரியவில்லை. செல்போன் கொட்டகையில். கண் இருட்டுக்குப் பழகி வரப்பின் விளிம்பு தெரியும்வரை காலை நகர்த்தவே இல்லை. பிறகு மண்வெட்டியால் தரையைத் தட்டித் தட்டி வந்து சேர்ந்தேன்.

இதில் லைட்டின் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. செல்லின் வோல்ட் இறங்க இறங்க உள்ளிருக்கும் சர்க்யூட் கூடுதல் கரண்டை இழுத்து வெளிச்சத்தைக் குறையாமல் பிடித்து நிறுத்துகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனால் செல் கெட்டுவிடும் என்று பட்டென்று துண்டித்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாது.

பழைய லைட் சொல்லும். கட்டை இறங்கினால் பல்பின் கம்பிக்குச் சூடு போதாமல் வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் பீடி நெருப்பாகும். "லைட்டு மஞ்சளாயிருச்சு, இந்த மடையோட வந்துருடா" என்று அப்பா கொட்டகையிலிருந்து குரல் கொடுப்பார். நான் பிடித்திருக்கும் லைட்டின் நிறம் அவருக்கு அங்கிருந்தே தெரியும். அணைத்துப் பத்து நிமிஷம் வைத்தால் கட்டை கொஞ்சம் தெம்பு பிடித்து, வீடு போய்ச் சேரும் அளவுக்கு எரியும். மறுநாள் வெயிலில் காயவைத்தால் இன்னும் ஒரு ராத்திரி ஓடும். செத்துப்போன கட்டையை உடைத்துக் கரிக்குச்சியை எடுத்துப் பாண்டிக்குக் கோடு போடுவது எங்கள் பங்கு.

இன்னொன்று நிறம். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். என் எல்இடி நீலம் பாய்ந்த வெள்ளை. அதில் காய்ந்த கடலைச் செடி, மண்கட்டி, சருகு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. ஒரு நாள் வரப்போரம் சருகு என்று நினைத்துத் தாண்டப் போனது கண்ணாடி விரியன். மூன்றடி தூரத்தில் சீறியதால் நின்றேன். மறுபடி லைட் அடித்துப் பார்த்தபோதும் உடம்பு எங்கே முடிகிறது, சருகு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கச் சிரமமாக இருந்தது. குண்டு பல்பின் வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் அப்படியே வரும், விரியன் மேலிருக்கும் சங்கிலி வட்டங்கள் தனியாக எழுந்து தெரியும். இப்போது மஞ்சள் சாயலுள்ள எல்இடி லைட்டும் கிடைக்கிறது. வெளிச்சம் சற்றுக் குறைவு என்பார்கள். காட்டில் ராத்திரி நடக்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் முகத்தில் வந்து அப்பும் பூச்சியும் அதில் குறைவாக இருக்கும்.

பழையதைப் புகழ்ந்துகொண்டே போகவும் மனசில்லை. ஒரு கோடையில் கட்டையைக் கழற்றாமல் லைட்டை ஆணியில் மாட்டிவிட்டேன், என் தப்புதான். அந்தக் கட்டைகளில் மேல் டப்பாவே துத்தநாகம். கரண்ட் கொடுக்கக் கொடுக்க அதுவே கரைந்து, ஓட்டை விழுந்து, உள்ளிருப்பது கசியும். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் மூன்றும் குழாயோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. குச்சியால் நெம்பி, சுத்தியலால் தட்டி எடுத்தேன். ஸ்பிரிங் பச்சை பிடித்துப்போய், எலுமிச்சம்பழம் தேய்த்துச் சுத்தம் செய்ய ஒரு காலைப்பொழுது போனது. அதற்கப்புறமும் சரியாக எரியாமல், அப்பா செய்வதுபோல சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளை மடித்து அடியில் வைத்தேன். எரிந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது, நினைத்தால் கோபம் வருகிறது. பின்பக்கம் பின்னை இழுத்துப் பிளக்கில் சொருகும் பிளாஸ்டிக் எல்இடி லைட். எத்தனை வாங்கினேன் என்று கணக்கில்லை. உள்ளே 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. தண்ணீர் பாய்ச்சாத இரண்டு மூன்று மாதம் சார்ஜ் போடாமல் கிடந்தால் தகடு கெட்டு, அப்புறம் சார்ஜே ஏறாது. சார்ஜரில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, 230 வோல்ட்டை ஒரு கெபாசிட்டர் வழியாக இறக்குகிறார்கள். உடைந்த பிளாஸ்டிக்கோடு பிளக்கில் இருக்கும்போது தொட்டு ஒரு தடவை ஷாக் வாங்கியிருக்கிறேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

இப்போதுள்ள அலுமினிய லைட் ஆறு வருஷமாக ஓடுகிறது. சேற்றில் விழுந்திருக்கிறது, வாய்க்காலில் மூழ்கியிருக்கிறது. சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி மட்டும் பிய்ந்துபோனது, சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறேன். எரிச்சல் பட்டன்தான். பெரிது, சிறிது, அப்புறம் ஒரு சிமிட்டல். வேண்டிய அளவு வருவதற்குள் மூன்று தரம் அமுக்க வேண்டும். "யாருக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்று வீட்டில் கேலி. செல் ஒரு தடவை மாற்றினேன். அதில் ஒரு பாடம்: செல்லின் அளவு 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவில் நல்ல செல்லே 3500 எம்ஏஎச் வாக்கில்தான் பிடிக்கும் (செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கணக்கு அது). மேலே 9900 என்று அச்சடித்த ஒன்றை மலிவாக வாங்கி வந்தேன். ஒரு மணி நேரம் தாண்டவில்லை. அடுத்த தடவை கையில் தூக்கிப் பார்த்தே வாங்கினேன், நல்லது கனமாக இருக்கும்.

அப்பா லைட்டுக்குள் எல்இடியைப் போட்டும் பார்த்தேன். குண்டு பல்பின் அடியையே வைத்துச் செய்த எல்இடி பல்பு விற்கிறார்கள். வெளிச்சம் கூடியது, கட்டையும் பல மடங்கு நாள் வந்தது. ஆனால் குண்டு பல்பு சுற்றிலும் எரிவதால்தான் பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணம் வெளிச்சத்தைக் கூட்டி நீளமாக அனுப்பும். எல்இடி முன்பக்கம் மட்டும் எரிகிறது, கிண்ணத்துக்கு வேலையே இல்லை. தலையைத் திருகினால் கதிர் குவிந்து விரியும் அழகும் போய்விட்டது. ஒரு வாரத்தில் கழற்றி மாட்டுக்கொட்டகை லைட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆக இப்போது நடைக்கு எல்இடி, கொட்டகை ஆணியில் அப்பாவுடையது. கட்டைகளைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி வைக்கிறேன். அடி மூடிக்குள் ஸ்பிரிங்குக்கு நடுவே ஒரு மாற்று பல்பு எப்போதும் இருக்கும், அதைப் போன தையில்தான் எடுத்துப் போட்டேன். துறையூரில் நாலு கடை ஏறி 3.8 வோல்ட் குண்டு பல்பு கேட்டேன். நாலாவது கடைப் பையன், "அது எதுக்குண்ணே, எல்இடி போட்டுக்கங்க" என்றான். உள்ளேயிருந்து அவனுடைய அப்பா எழுந்துபோய், மேல் பலகையில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் துழாவி இரண்டு எடுத்து வந்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.