இரண்டு வண்டிகளை ஒரே மாடல் காராக்கும் வேலையில் டமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட்

மாடல் கார் செய்ய ஒரே பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை வழிகாட்டித் தாளின்படி ஒட்டிச் செல்வதற்குப் பெரும்பாலான பிளாஸ்டிக் பசைகள் போதுமானவை. ஒரு காரின் முன்பாதியையும் வேறொரு வண்டியின் பின்பாதியையும் வெட்டி இணைத்துப் புதிய வண்டி ஒன்றைச் சிறிய அளவில் உருவாக்கத் தொடங்கினால், பசையிடம் நாம் கேட்பது வேறாகிவிடுகிறது. அங்கே ஒட்டினால் மட்டும் போதாது; அரத்தால் தேய்த்தாலும், உப்புத்தாளால் இழைத்தாலும், பளபளக்கும் பெயின்ட் பூசினாலும் இணைப்பு இருந்த இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஜப்பானின் டமியா நிறுவனம் விற்கும் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட்டை இந்த ஒரு பயன்பாட்டை மட்டும் வைத்தே மதிப்பிட விரும்புகிறேன்.

பச்சை மூடி போட்ட 40 மில்லி கண்ணாடிக் குப்பி. மூடியிலேயே மெல்லிய தூரிகை பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது பியூட்டைல் அசிடேட், அசிட்டோன் என்னும் கரைப்பான்களின் கலவை. பிசுபிசுப்பு சிறிதும் இல்லாமல் தண்ணீரைப் போலவே ஓடும் இத்திரவத்தில், உலர்ந்த பின் படலமாகத் தங்கும் பொருள் எதுவும் இல்லை. மாடல் பாகங்கள் செய்யப்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இது கரைத்து மென்மையாக்குகிறது. இரு பக்கமும் மென்மையான நிலையில் அழுத்திப் பிடித்தால் இரண்டும் கலந்து, கரைப்பான் ஆவியான பிறகு ஒரே துண்டாக இறுகிவிடுகின்றன. வண்டிகளை வெட்டிச் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தன்மைதான் மிகப் பெரிய வரம்.

இரு கதவு செடான் ஒன்றையும் பிக்கப் ஒன்றையும் இணைத்த வேலையில்தான் இப்பசையை முழுமையாகச் சோதித்துப் பார்த்தேன். செடானின் முகமும் கதவுகளும் அப்படியே இருக்க, கூரையின் பின்பகுதியையும் டிக்கியையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பிக்கப்பின் சரக்குத் தொட்டியைப் பொருத்துவது திட்டம். இவ்வகை வண்டிக்கு உண்மையான உலகிலேயே முன்னோடிகள் உண்டு: ஃபோர்டு 1957-ஆம் ஆண்டு மாடலாக ராஞ்செரோவையும், செவ்ரோலெ 1959-ஆம் ஆண்டு மாடலாக எல் கமீனோவையும் கொண்டுவந்தன. அவற்றின் படங்களைப் பார்த்தால் கூரை எங்கே முடிய வேண்டும், தொட்டியின் விளிம்பு கதவின் மேற்கோட்டோடு எப்படி நேராக ஓட வேண்டும் என்பது விளங்கும்.

பசையைத் திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது அளவு விகிதம். அமெரிக்க நிறுவனங்களின் கார் கிட்களில் (பாகங்கள் அடங்கிய மாடல் பெட்டிகளில்) பல 1/25 அளவில், அதாவது உண்மையான வண்டியின் இருபத்தைந்தில் ஒரு பங்காக, வருகின்றன. ஜப்பானிய நிறுவனங்களுடையவை பெரும்பாலும் 1/24. பெட்டியின் மேல் பார்க்கும்போது அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாடு, உண்மையில் 1800 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு காரை 1/24-இல் 75 மில்லிமீட்டராகவும் 1/25-இல் 72 மில்லிமீட்டராகவும் ஆக்கிவிடுவதால், முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே பக்கத்துக்கு 1.5 மில்லிமீட்டர் படி விழுந்துவிடும். எக்ஸ்ட்ரா தின் இடைவெளியை நிரப்பும் பசை அன்று. இரு பரப்புகளும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். ஆகவே நான் இரண்டு கிட்களையும் 1/25 அளவிலேயே எடுத்தேன். அப்படியும் பிக்கப்பின் தொட்டி அகலமாக இருந்ததால், அதன் நடுவே நீளவாக்கில் ஒரு பட்டையை அறுத்தெடுத்துக் குறுக்க வேண்டியிருந்தது.

இணைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெட்டிய விளிம்புகளைத் தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளின் மீது தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளிக்கீற்று தெரியாத அளவுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். பிறகு இரு பாதிகளையும் சேர்த்து மாஸ்கிங் டேப்பால் கட்டி, தூரிகையின் நுனியை இணைப்பின் உட்புறத்தில் ஒரே ஓர் இடத்தில் தொட்டால் போதும். விளக்குத்திரி எண்ணெயை இழுத்துக்கொள்வதைப் போல இடுக்கு திரவத்தை இழுத்துக்கொண்டு, கோடு நெடுக இருண்ட ஈரம் ஓடுவது தெரியும். அரை நிமிடம் விட்டு மெல்ல அழுத்தினால், வெளிப்புறத்தில் இளகிய பிளாஸ்டிக் மயிரிழை அளவுக்குப் பிதுங்கி எழும். அதைத் துடைக்கக் கூடாது. இறுகிய பிறகு அரத்தால் சீவி எடுத்தால், அடியில் பள்ளமே இல்லாத பரப்பு கிடைக்கிறது. திரவம் டேப்பின் அடியிலும் விரலின் அடியிலும் அதே வேகத்தில் ஊர்ந்து சென்று ரேகையை உடலில் பதித்துவிடும் என்பதால், டேப்பை இணைப்பின் மேல் படிய ஒட்டாமல் அதைத் தாண்டிப் பாலம் போல நிற்கும்படி ஒட்டுவது நல்லது. உட்புறத்தில் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிஸ்டைரீன் பட்டையை இதே பசையால் முட்டுக்கொடுத்துவிட்டால், பின்னால் எவ்வளவு தேய்த்தாலும் இணைப்பு விரிவதில்லை.

இக்குப்பியின் இரண்டாவது பயன், என் கணக்கில் முதலாவதைவிட மேலானது. பாகங்களைத் தாங்கி நிற்கும் ஸ்ப்ரூ சட்டத்தைப் பொடிப் பொடியாக நறுக்கி, பசை சிறிதளவு உள்ள குப்பியில் போட்டு ஓர் இரவு வைத்தால், அந்தப் பிளாஸ்டிக் முழுவதும் கரைந்து குழம்பாகிவிடும். எவ்வளவு முயன்றும் சில இடுக்குகள் எஞ்சவே செய்யும். அவற்றில் இக்குழம்பைப் பூசலாம். கடையில் கிடைக்கும் புட்டி (இடுக்கு நிரப்பும் பசைக்களிம்பு) பெரும்பாலும் பாலிஸ்டைரீனைவிட மென்மையாகவோ கடினமாகவோ இருப்பதால், உப்புத்தாள் ஓடும்போது ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து, பளபளப்பான பெயின்ட்டின் கீழ் பழைய கோடு மங்கலாகத் திரும்பி வருகிறது. ஸ்ப்ரூக் குழம்போ வண்டியின் உடல் செய்யப்பட்ட அதே பொருள். புதிய கதவுக்கோட்டை இணைப்பின் குறுக்கே கீற வேண்டிய இடத்தில், கீறும் ஊசி தடுக்காமல் ஒரே ஆழத்தில் செல்வதைக் கையிலேயே உணரலாம். ஆனால் கரைப்பான் வெளியேறும்போது குழம்பு சுருங்கும். மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை பூசி, கடைசிப் பூச்சுக்குப் பின் பல நாட்கள் காயவிடும் பொறுமை வேண்டும். அவசரக்காரர்களுக்கு எபாக்ஸி புட்டியே பொருத்தம்.

இப்பசை எல்லாவற்றையும் ஒட்டாது என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். ரெசின் பாகங்களுக்கும் உலோக வார்ப்புகளுக்கும் சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) அல்லது எபாக்ஸி தேவை. குரோம் பூச்சுள்ள பம்பரையும் பெயின்ட் அடித்த பாகத்தையும் ஒட்டும் இடத்தில் சுரண்டிவிட்டே ஒட்ட வேண்டும். கண்ணாடிக்குப் பதிலாக வரும் தெளிவான பிளாஸ்டிக் பாகங்களின் அருகே இதைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. ஒரு துளி பட்டாலும் தெளிவு போய்விடும். ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் நல்லதன்று. சன்னலைத் திறந்து வைத்து, நெருப்புக்கு அப்பால் வேலை செய்ய வேண்டும்.

இதே வரிசையில் விரைவாக இறுகும் வகை ஒன்றும் வெளிர்பச்சை மூடியுடன் கிடைக்கிறது. சிறிய கைப்பிடி, கண்ணாடிச் சட்டம் போன்றவற்றுக்கு அது வசதியானது. உடலின் இரு பாதிகளை இணைக்க நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துத் திருத்த அந்த வகை அவகாசம் தருவதில்லை. இரண்டு வண்டிகளைச் சேர்க்கத் தொடங்குபவர் சாதாரண வகையில் இரண்டு குப்பிகள் வாங்கிக்கொள்வது நல்லது: ஒன்று ஒட்டுவதற்கு, மற்றொன்று ஸ்ப்ரூ கரைப்பதற்கு.