உரிமத் தேர்வின் வினாக்களை எழுதுவது யார்? யு.எஸ்.எம்.எல்.இ.யும் பிளாபும்

எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஆண்டில், அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்ற உரிமம் பெற எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யா, வெளிநாட்டில் படித்தவர்கள் பிரிட்டனில் அதற்காக எழுதும் பிளாபா என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. செலவு, பாடச்சுமை, ஆகும் காலம் ஆகிய மூன்றிலும் பிளாபே இலகுவானது. அதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆயினும் யு.எஸ்.எம்.எல்.இ.யையே எழுதினேன். வினாக்களை எழுதுவது யார், எழுதப்பட்ட வினா மதிப்பெண்ணுக்கு வருமுன் எத்தனை கைகளைக் கடக்கிறது என்று விசாரித்தபோதுதான் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

1992இல் தொடங்கிய யு.எஸ்.எம்.எல்.இ.க்கு இரண்டு உரிமையாளர்கள்: 1915இல் நிறுவப்பட்டு பிலடெல்பியாவிலிருந்து இயங்கும் என்.பி.எம்.இ. என்ற தேர்வு வாரியம் ஒன்று; மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு மற்றொன்று. உரிமம் வழங்குவதோ அந்தந்த மாநில வாரியம். வினாக்களை எழுதுபவர்கள் வாரியத்தின் முழுநேர ஊழியர்கள் அல்லர். மருத்துவக் கல்லூரிகளில் கற்பிப்பவர்களும் நோயாளிகளைப் பார்ப்பவர்களும் தம் வேலைகளுக்கிடையே நேரம் ஒதுக்கிக் குழுக்களாகக் கூடி எழுதுகிறார்கள். அவர்களுக்கான எழுத்து விதிகளை என்.பி.எம்.இ. ஒரு கையேடாகவே வெளியிட்டிருக்கிறது. எவரும் அதைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, கொடுக்கப்பட்டுள்ள விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டாலும் வினாவை மட்டும் படித்து விடை சொல்ல முடியவேண்டும் என்பது.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ஈ.சி.ஜி.யில் இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு தெரிகிறது. கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது. நுரையீரல் தெளிவாக இருக்கிறது. நைட்ரோகிளிசரின் கொடுத்ததும் ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வீர்கள்? இதயத்தின் வலது கீழறை பாதிக்கப்பட்டிருப்பதைப் புரிந்துகொண்டவர், விடைகளைப் பார்க்காமலேயே சிரைவழியாக சலைன் ஏற்றவேண்டும் என்று சொல்லிவிடுவார். "கீழ்க்கண்டவற்றுள் மாரடைப்பு குறித்துத் தவறானது எது?" என்று கேட்டிருந்தால், விடைகளை மறைத்த கணமே வினா செத்துவிடும். கல்லூரித் தேர்வுகளில் நான் எழுதித் தள்ளியவற்றில் பாதி இரண்டாம் வகை.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது இதுவுமன்று. குழு ஏற்ற வினாவும் நேராக மதிப்பெண்ணுக்கு வருவதில்லை. மதிப்பெண் இல்லாத சோதனை வினாவாக உண்மைத் தேர்வுக்குள்ளேயே மற்றவற்றோடு கலந்து வைக்கப்படுகிறது, எது சோதனை வினா என்று தேர்வு எழுதுபவருக்குத் தெரியாது. தேர்வை நன்றாக எழுதியவர்கள் அதில் தடுமாறி, மற்றவர்கள் சரியாக விடையளித்திருந்தால் கோளாறு வினாவில்தான் என்பது புள்ளிவிவரத்தில் தெரிந்துவிடும். வினா எழுதிய ஒருவருடைய மொழிப்பிழைக்கோ அரைகுறை விடைக்கோ என் உரிமம் பலியாகாது என்ற நிம்மதி, அதற்காகச் செலவிட்ட பணத்துக்கு ஈடாகவே எனக்குப் பட்டது.

பிளாப் நான் எழுதாத தேர்வு என்பதால், எழுதிய நண்பர்கள் சொன்னதையும் சேர்த்தே பேசுகிறேன். அதை நடத்தும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலே மருத்துவராகத் தொழில்புரியப் பதிவும் உரிமமும் வழங்குகிறது. தேர்வும் உரிமமும் ஒரே கூரையின்கீழ் இருப்பது எனக்குச் சற்று உறுத்தலாக இருந்தது. 180 வினாக்கள் கொண்ட முதல் பகுதியின் தேர்ச்சி மதிப்பெண்ணை ஆங்காஃப் முறையில் நிர்ணயிக்கிறார்கள்: குறைந்தபட்சத் தகுதியுள்ள மருத்துவர் ஒவ்வொரு வினாவுக்கும் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று வல்லுநர்கள் மதிப்பிடுவார்கள். தாள் கடினமானால் தேர்ச்சி எல்லையும் இறங்கும் என்பதால் இது நேர்மையான ஏற்பாடுதான். மான்செஸ்டரில் நடக்கும் இரண்டாம் பகுதியில் நோயாளியாக நடிப்பவரிடம் நேருக்கு நேர் பேசிக் காட்டவேண்டும். அமெரிக்காவிலும் இதற்கு இணையான தேர்வு இருந்தது. 2020இல் நிறுத்திவைத்து, 2021இல் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். இந்த ஒன்றில் பிளாபுக்கே என் வாக்கு.

வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியா திரும்புகிறவர்கள் எழுதும் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வை என்.பி.இ.எம்.எஸ். என்ற தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. அங்கே 300 வினாக்களுக்கு 150 மதிப்பெண் என்பது மாறாத எல்லை. தாள் கடினமாக அமைந்த பருவத்தில் எழுதியவர் அந்தக் கடினத்தைத் தாமே சுமக்க வேண்டியதுதான். 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் இடம்பெற்று, 2023இல் தள்ளிவைக்கப்பட்ட, எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களுக்கான பொது உரிமத் தேர்வான நெக்ஸ்ட் வரும்போது வேறெதுவும் இல்லாவிட்டாலும், மதிப்பெண் இல்லாத சோதனை வினாக்களையாவது அமெரிக்கர்களிடமிருந்து இரவல் வாங்கிக்கொள்ளலாம்.