15 இன்ச் ஸ்பீக்கரும் ரிச்சி தெரு மாடிக்கடையும்

சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்யும் ஒரு மாடிக்கடையைப் பற்றி, அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம், விலை நியாயம், நேரத்தை மட்டும் கேட்காதீர்கள். மூன்று நாள் என்றார் மாடிக்கடைக்காரர், பதினோரு நாள் ஆனது. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே ஸ்பீக்கருக்கு நான் இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறேன், முதல் தடவை கொடுத்தது புகையாகப் போனது. நிஜமாகவே புகை.

ஸ்பீக்கர் இருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பீவி நாஷ்வில் 400. எண்பதுகளைச் சேர்ந்தது, பெடல் ஸ்டீல் (கால் பெடல் வைத்த ஸ்டீல் கிட்டார்) வாசிப்பவர்களை மனதில் வைத்தே அமெரிக்காவில் செய்த டிரான்சிஸ்டர் ஆம்ப். 4 ஓமில் 210 வாட், உள்ளே பிளாக் விடோ என்ற பெயரோடு ஒரே ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர். இது என்னிடம் எப்படி வந்தது என்றால், பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள், ஜிம் ரீவ்ஸ் பாட்டென்றால் உயிரை விடுபவர், எனக்கு ஸ்டீல் கிட்டார் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான், பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போகும்போது "இதத் தூக்கிட்டு பிளேன்ல ஏற முடியாதுடா, நீயே வச்சுக்கோ" என்று விட்டுப் போனார். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும் அவர் சொன்னதன் அர்த்தம். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரே தேவலை.

ஸ்டீல் கிட்டார் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையைக் கம்பி மேல் வழுக்கி வாசிப்பார்கள் அல்லவா, அதே சங்கதிதான், இங்கே கட்டைக்குப் பதில் இரும்பு. சந்தையில் வெற்றி பெற்ற முதல் எலக்ட்ரிக் கிட்டாரே மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்தான், 1932இல் ரிக்கன்பேக்கர் விட்ட 'ஃப்ரையிங் பேன்'. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ராக் வாசிக்கிற பையன்களுக்கு ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரத்தால் சந்தோஷம், எங்களுக்கு அது விஷம். வால்யூம் பெடலை மெதுவாக அழுத்தி ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டே போகும்போது அது கடைசி வரை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு வாட், அவ்வளவு பெரிய ஸ்பீக்கர். "15 இன்ச்னா எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன டிசம்பரில் அண்ணா நகரில் ஒரு ரிசப்ஷன் கச்சேரி. நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஆம்ப் 120 வோல்ட் ஆசாமி என்பதால் நம் ஊர் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் போட்டிருந்தேன். மூன்றாவது தடவை ஒரு "டப்". அப்புறம் பெரிய முனகல், கருகின வார்னிஷ் வாசனை, மௌனம். மீதிப் பாட்டுகளுக்கு கீபோர்டு தம்பி என் பங்கையும் சேர்த்து வாசித்தான், சம்பளத்தில் பங்கு கேட்கவில்லை, நல்லவன்.

மறுநாள் ஸ்பீக்கரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கண்ணாடி கவுண்டர், ஏசி, பில் எல்லாம் உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. "காயில் போச்சு சார், ரீகோன் பண்ணிடலாம்." காந்தத்துக்குள் ஆடும் கம்பிச் சுற்றுதான் காயில், அது ஒட்டியிருக்கும் காகிதக் கூம்புதான் கோன், இரண்டையும் புதிதாகப் போடுவது ரீகோன். 3,800 ரூபாய், இரண்டே நாள். சொன்ன நாளில் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவில் மின்னிக்கொண்டிருந்த அலுமினிய மூடியைக் காணோம், கறுப்புக் காகித மூடி உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு "அது வெறும் டிசைன் சார்" என்றார்கள். எனக்கு என்னமோ மனசு கேட்கவில்லை, பழைய கோன், மூடி எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் பையில் கேட்டு வாங்கிக்கொண்டேன். செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

வீட்டுக்கு வந்து மாட்டி, முன்பக்கத்துத் துணியைக் கூடப் போடாமல் சுவிட்சைப் போட்டேன். அதே "டப்". கோன் விருட்டென்று முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. வந்தது வந்தபடியே நின்றது. அதிரவில்லை, திரும்பிப் போகவில்லை, மூச்சை இழுத்துப் பிடித்தவன் மாதிரி அப்படியே நின்றது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த பத்து விநாடியில் காகித மூடியின் ஓரத்திலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் 3,800 ரூபாய் முடிந்துவிட்டது.

கடைக்காரரிடம் போனால், "ஆம்ப்ல பிரச்சனை சார், நாங்க கேரண்டி குடுக்கறது ஸ்பீக்கருக்குத்தான்." அவர் சொன்னது தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஸ்பீக்கர் ஏன் போச்சு என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? நானும் யோசித்திருக்கலாம்தான்.

இனிமேல்தான் விமர்சனமே. கீபோர்டு தம்பி சொல்லித்தான் மாடிக்கடைக்குப் போனேன். போர்டு கிடையாது. எல்லோரும் பாய் என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அறுபது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. ஸ்பீக்கரை மேசையில் வைத்ததும் அவர் அதைத் தொடவே இல்லை.

"ஆம்ப் எங்க?"

"வீட்ல இருக்கு பாய்."

"அப்ப இத எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க? செத்தவனத் தூக்கிட்டு வந்து என்ன பிரயோஜனம், கொன்னவன் வீட்ல குந்திக்கினு இருக்கான்."

அடுத்த நாள் ஆட்டோவில் ஆம்ப்பும் வந்தது. அவர் மச்சான் பக்கத்து மேசையில் ஆம்ப் வேலை பார்க்கிறார். ஸ்பீக்கர் ஒயரைத் தனியே விட்டுவிட்டு, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அதன் வழியாகத்தான் ஆம்ப்புக்குக் கரண்ட் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்பு ஒரு நொடி மின்னி மங்கிவிடும். இது பளீரென்று எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே ஷார்ட். மேல்மூடியைத் திறந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஒரு பக்கத்து ஜோடி காலி, பக்கத்திலேயே என்றைக்கோ யாரோ கை வைத்த அலங்கோலமான ஈயப்பற்று வேறு. கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை, நாற்பது வருஷம் உழைத்த பொருள், அந்த ஜெனரேட்டருக்கு எதுவுமே தாங்கியிருக்காது.

பாய் ஒரு பழைய ஃபிலிம் டப்பா மூடியில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த மாதிரி ஆம்ப்பில் ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது முன்னும் பின்னும் ஆடுகிற கரண்ட். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கிற டிசி, அதாவது ஒரே திசையில் ஓடுகிற கரண்ட், நேராக ஸ்பீக்கருக்குப் போய்விடும். 40 வோல்ட் என்றே வையுங்கள், 4 ஓம் ஸ்பீக்கரின் காயில் மீட்டரில் காட்டுவது 3 சொச்சம், அப்படியானால் 12 ஆம்பியருக்கு மேல், கிட்டத்தட்ட 500 வாட். காயில் ஆடினாலாவது காற்று பட்டுச் சூடு கொஞ்சம் இறங்கும், ஒரே இடத்தில் நின்றுகொண்டு 500 வாட்டைக் குடித்தால் அது ஸ்பீக்கர் இல்லை, இஸ்திரிப் பெட்டி. நான் பார்த்த அந்த மூச்சுப் பிடிப்பு இதுதான்.

டிரான்சிஸ்டர் வாங்குவதே தனிக்கதை. கீழே ஒரு கடையில் நானே போய் வாங்கி வந்தேன், நம்பர் சரி, பளபளவென்று இருந்தது. மச்சான் கையில் வாங்கி எடை பார்த்த மாதிரி ஆட்டினார், அரத்தை எடுத்துத் தலையில் ராவினார், தகர மூடி தனியே வந்தது. உள்ளே கடுகளவு சில்லு. ஒரிஜினல் ஒன்றையும் திறந்து காட்டினார், அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. போலி போட்டிருந்தால் மூன்றாவது ஸ்பீக்கருக்கும் நான் காசு கொடுத்திருப்பேன். நல்ல சரக்கு எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும், அவரையே வாங்கச் சொல்லிவிடுங்கள்.

ஸ்பீக்கர் வேலையை உட்கார்ந்து பார்க்க விட்டார், அதற்கே தனியாகக் காசு கொடுக்கலாம். பிளாக் விடோவில் ஒரு வசதி, பின்னாலிருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றினால் கோனும் காயிலும் கூடையோடு (அவற்றைத் தாங்கும் உலோகச் சட்டம்) காந்தத்தை விட்டுத் தனியே வந்துவிடும். முதல் கடைக்காரர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, கூடையைக் காந்தத்தை விட்டுக் கழற்றாமலே வெட்டி ஒட்டியிருந்தார்கள், காந்த இடுக்கில் இரும்புத்தூள் அப்படியே இருந்தது. பாய் மாஸ்கிங் டேப்பைப் பசை வெளியே இருக்கும்படி ஒரு அட்டையில் சுற்றி, அந்த இடுக்கில் விட்டு ஒரு சுற்று இழுத்தார். கறுப்பாக வந்தது. இன்னொரு டேப். ஏழாவது டேப் வெள்ளையாக வந்த பிறகுதான் எழுந்து டீ குடிக்கப் போனார்.

காயில் 4 இன்ச், அலுமினியக் கம்பி. அச்சு அசலாக அதே காயில் இங்கே கிடைக்காது, கிடைத்ததில் நெருக்கமானதைத் தேடித்தான் எட்டு நாள் போனது. புதுக் காயிலை இடுக்கின் நடுவில் நிறுத்த, காயிலுக்குள் சுற்றிலும் சொருகியது என்ன தெரியுமா, பழைய எக்ஸ்ரே பிலிமைக் கீறிய துண்டுகள். ஒரு துண்டில் யாரோ ஒருவருடைய விலா எலும்பு தெரிந்தது. காயிலை நடுவில் பிடித்து வைக்கும் மடிப்புத் துணியான ஸ்பைடரை ஒட்டி, கோனை ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, எக்ஸ்ரேயை உருவிய பிறகு இரண்டு கட்டைவிரலையும் கோனில் சமமாக வைத்து மெதுவாக அமுக்கி, காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார். உரசல் இருந்தால் மணலைத் தேய்த்த மாதிரி கேட்குமாம். என்னையும் கேட்கச் சொன்னார். ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியாக என் பாலிதீன் பையிலிருந்த அலுமினிய மூடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஒட்டினார். "டிசைனா? யார் சொன்னது? கீச்சுச் சத்தம் பாதி இதுலதான் வருது." இதே பிளாக் விடோ வரிசையில் 1501க்கு அலுமினிய மூடி, 1502க்குக் காகிதம், இரண்டும் இரண்டு விதமான சத்தத்துக்காகச் செய்தது.

காத்திருந்த நேரத்தில் அலமாரியில் இருந்த ஜேபிஎல் கம்பெனியின் ஒரு பழைய ஸ்பீக்கரை எடுத்து, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் வைத்தார். எல்லா ஸ்பீக்கரும் முன்னால் வரும், அது பின்னால் போனது. பழைய ஜேபிஎல் அப்படித்தான், உல்டா. இரண்டு ஸ்பீக்கர் சேர்த்து மாட்டுகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று தள்ள ஒன்று இழுத்தால் பாஸ் சத்தம் காணாமல் போய்விடும்.

சத்தம் எப்படி இருக்கிறது? பழையபடி இல்லை, பொய் சொல்ல மாட்டேன். கோன் காகிதம் ஒரு பொடி கனம், மேல்ஸ்தாயியில் அந்தப் பழைய வெள்ளிச் சத்தம் கொஞ்சம் குறைவு, டிரெபிளை 5இலிருந்து 6க்கு ஏற்றியிருக்கிறேன். கீழ்க்கம்பிகள் முன்பை விட இறுக்கமாக இருக்கின்றன, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நாலு கச்சேரி ஆகிவிட்டது, ஒரு கரகரப்பும் இல்லை.

செலவு: ஸ்பீக்கருக்கு 4,500, ஆம்ப்புக்கு டிரான்சிஸ்டர் உட்பட 2,200, ஆட்டோ தனி. புதிதாக எமினன்ஸ் இபிஎஸ்-15சி வரவழைக்கவும் விசாரித்தேன், பெடல் ஸ்டீலுக்கென்றே செய்யும் ஸ்பீக்கர், கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் சேர்ந்ததும் பேச்சை மாற்றிவிட்டேன். இங்கேயே கிடைக்கும் 15 இன்ச் மேடை ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 8 ஓம். மாட்டினால் ஆம்ப்புக்கு ஆபத்தில்லை, ஆனால் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும், பாஸுக்காகச் செய்த கனத்த கோன் என்றால் ஸ்டீல் கிட்டார் போர்வைக்குள் இருந்து பாடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பில் கிடையாது, கேரண்டி வாய்வார்த்தைதான். போனை எடுக்க மாட்டார். "நாளைக்கு" என்றால் அடுத்த வாரம். படிக்கட்டு செங்குத்து, ஆம்ப்பை ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும், வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கு மெட்ரோவில் வந்து இறங்கி நடப்பது மேல், ஆம்ப் இல்லாத நாட்களில். கடை திறக்கவே பன்னிரண்டு ஆகும், ஞாயிறு லீவு. வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குப் போய்விட்டு சாப்பிட்டுத் தூங்கி நாலு மணிக்குத்தான் வருவார், படியில் உட்கார்ந்து அனுபவப்பட்டிருக்கிறேன்.