விர்ச்சியோ நெட்: ஐந்தாண்டுப் பயன்பாட்டில் கண்ட பங்கீட்டுக் கணக்கு

64 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு கேவிஎம் ஹோஸ்டில் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் ஓடும் உண்மைக் கணினியில்) பதினொரு மெய்நிகர் கணினிகளை ஐந்து ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். தொடக்கத்தில் எல்லாவற்றிலும், மெய்நிகர் நெட்வொர்க் கார்டை இயக்கும் விர்ச்சியோ நெட் டிரைவர்தான். 2008-இல் வந்த லினக்ஸ் 2.6.24 முதலே கெர்னலோடு சேர்ந்து வருவதால் தனியாக நிறுவத் தேவையில்லை. முதல் ஆண்டு நிம்மதியாகவே ஓடியது.

பிறகு, பேக்கப் ஓடும் இரவுகளில் கோப்பு சர்வர் திணறத் தொடங்கியது. அதற்கு நான்கு சிபியு கொடுத்திருந்தேன். கார்டு எந்தச் சிபியுவை எத்தனை முறை அழைத்தது என்று காட்டும் குறுக்கீட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தால், சிபியுவுக்கு ஒன்றான நான்கு பத்திகளில் முதலாவதில் மட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. மற்ற மூன்றும் அசையவில்லை. வரிசை எண்ணிக்கையை நாம் குறிப்பிடாவிட்டால் இந்த டிரைவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரிசை இணை (பாக்கெட்டுகளைப் பெற ஒன்று, அனுப்ப ஒன்று). அதை 4 ஆக்கினேன். கெஸ்டில், அதாவது மெய்நிகர் கணினியில், இருந்தது பழைய கெர்னல் என்பதால் உள்ளேயும் நெட்வொர்க் கார்டின் அமைப்பை மாற்றும் ஈத்டூல் கட்டளையைக் கையால் கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு பத்திகளும் நகர்ந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் ஒவ்வொரு இணைக்கும் ஹோஸ்டில் பாக்கெட்டுகளைக் கடத்தும் ஒரு விஹோஸ்ட் த்ரெட் உருவாகிறது. எல்லாக் கணினிகளுக்கும் 4 என்று வாரி வழங்கினால் ஹோஸ்டின் கோர்கள் தாங்கா. இரண்டு கணினிகளுக்கு மட்டும் கொடுத்தேன்.

அடுத்தது நினைவகம். வரும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வளையத்தில் (சுழற்சியாக நிரப்பப்படும் பட்டியலில்) இயல்பாக 256 இடங்கள்தான். போக்குவரத்து திடீரென்று பெருகினால் அவை நிரம்பிவிடும். இழப்பு கெஸ்டின் கணக்கில் தெரியாது. ஹோஸ்டையும் கெஸ்டையும் இணைக்கும், ஹோஸ்டில் உள்ள டேப் இடைமுகத்தின் கணக்கில்தான் ஏறும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வளையத்தை 1024 ஆக்கியதும் இழப்பு நின்றது. நினைவகம் எகிறுமோ என்ற அச்சம் வீணானது. இடையகங்களை (பாக்கெட்டை வைக்கும் நினைவகத் துண்டுகளை) இணைத்துப் பயன்படுத்தும் வசதி இல்லாவிட்டால், பெரிய பாக்கெட்டுகளுக்காக இடத்துக்கு 64 கேபி என ஒதுக்க நேரும். 256 இடங்களுக்கே 16 எம்பி. அந்த வசதி இருந்தால், வரும் பாக்கெட்டுகளின் சராசரி அளவைப் பார்த்து டிரைவரே சிறிய இடையகங்களை வைத்துக்கொள்கிறது; பெரியது வந்தால் சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. இந்த டிரைவரில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

மூன்றாம் ஆண்டில் தரவுத்தளக் கணினியை மட்டும் எஸ்ஆர்-ஐஓவி முறைக்கு மாற்றினேன்; அதில் உண்மையான நெட்வொர்க் கார்டின் ஒரு பகுதியே கெஸ்டுக்கு நேரடியாகக் கொடுக்கப்படும். இங்கே பங்கு போடுவது கார்டின் சிப். இன்டெல் 82599-இல் ஒரு போர்ட்டுக்கு 128 வரிசைகள். 32 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4, 64 பேர் என்றால் ஆளுக்கு 2. தாமதம் கண்கூடாகக் குறைந்தது. அதற்கு ஈடாக, கார்டு கெஸ்டின் நினைவகத்தை நேரடியாகத் தொடுவதால் அந்தக் கணினியின் 16 ஜிபி முழுவதும் ஹோஸ்டில் பூட்டப்பட்டுவிடுகிறது. கெஸ்ட் பயன்படுத்தாத நினைவகத்தை ஹோஸ்டுக்குத் திருப்பித் தரும் பலூன் டிரைவரால் அதில் எதையும் திரும்பப் பெற முடியாது. இதை எண்ணிப் பார்க்காமல் மாற்றியதால், அன்று மாலையே வேறொரு கணினி நினைவகம் போதாமல் தொடங்க மறுத்தது. இப்போது அந்த 16 ஜிபியை முதலில் கழித்துவிட்டு, மிச்சம் 48-ஐத்தான் மற்ற பத்துக்கும் பங்கிடுகிறேன்.